ஒரு முடி, ஒரு பேனல்

என் வீட்டுக்காரரை அவரைப் பெற்ற தாயே "கட்டுப்படி" என்றுதான் கூப்பிடுவார். சின்ன வயதில் பென்சில் வாங்கக் கடைக்குப் போனால், பாதிப் பென்சில் பாதி விலைக்குக் கிடைக்குமா, எது கட்டுப்படியாகும் என்று கேட்ட பிள்ளையாம். வளர்ந்தும் மாறவில்லை. கிழிந்த குடையைத் தைப்பது கட்டுப்படியாகுமா, புதிது வாங்குவது கட்டுப்படியாகுமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் ஒரு மழைக்காலம் முழுக்க இரண்டு பேரும் நனைந்தோம். யோசிக்கும்போது பக்கத்தில் நான் இருந்தால் என் முடியில் ஒன்றைப் பிடித்து ஆள்காட்டி விரலில் சுற்ற ஆரம்பித்துவிடுவார். என்னுடையது சுருட்டை முடி, சுற்றினால் சுற்றியபடியே நிற்கும். மூன்று சுற்று வந்ததும் கணக்கு முடிந்துவிடும். விரலை உருவிக்கொண்டு "ஆகும்" என்பார், இல்லையென்றால் "ஆகாது" என்பார்.

கல்யாணத்துக்கு முன்னால் என்னையும் இப்படித்தான் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா என்று ஒரு நாள் கேட்டேன். "உன்னக் கணக்குப் போட முடியல, அதான் கட்டிக்கிட்டேன்" என்றார். எப்போதாவது ஒரு தடவை இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டு, அதை வைத்தே வருஷக்கணக்கில் ஓட்டிவிடுகிற ஆள்.

அவர் எலக்ட்ரீஷியன். கொஞ்ச காலமாக வீட்டுக் கூரைகளில் சோலார் பேனல் வைத்துக் கொடுக்கிற வேலை. சோலார் விஷயத்தில் மட்டும் "ஆகாது" என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. நாங்கள் குடியிருப்பது மாடியில், கீழே ஓனர். அந்த மனிதரை நச்சரித்து நச்சரித்து மொட்டை மாடியில் பேனல் போட வைத்தார். போட்ட மறுநாளே ஓனர் படியேறி வந்து நின்றார்.

"போட்டது எப்பப்பா கைக்கு வரும்?"

"ஆறேழு வருஷம் ஓனரே. அதுக்கப்புறம் வர்றதெல்லாம் மிச்சம்தான். பேனலுக்கு ஆயுசு கெட்டி."

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அந்த ஆறேழு வருஷம் மனுஷன் என்ன பண்றதாம்?" என்றேன்.

"காத்திருக்கறது" என்றார் என் வீட்டுக்காரர், குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்கிற மாதிரி.

அப்படிச் சொன்னவர் கொஞ்ச நாளில் என்னையும் காத்திருக்க வைத்துவிட்டுக் கிளம்பினார். ரயிலில் போய், பஸ் மாறி, பிறகு கம்பெனி வண்டியில் ஏற வேண்டிய தூரத்தில் ஒரு வெட்டவெளி. மரம் கிடையாது, மட்டை கிடையாது. கண்ணுக்கு எட்டும் வரை பேனல் நட்டுக் கரண்ட் எடுக்கப் போகிறார்கள், அங்கே ஆள் வேண்டும் என்று ஒரு காண்ட்ராக்டர் கூப்பிட்டார்.

"ரெண்டே வருஷம். வந்ததும் சொந்தமா ஒரு கடை போட்டுடலாம். நாமளே வீடு வீடா சோலார் வச்சுக் குடுக்கலாம். எவன்கிட்டயும் கைகட்டி நிக்க வேணாம்."

"கட்டுப்படியாகுமா?" இந்தத் தடவை கேட்டது நான்.

"ஆகும்."

பட்டென்று சொல்லிவிட்டார். பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன், முடியும் அவிழ்ந்துதான் கிடக்கிறது, அதைத் தொடவே இல்லை. ஒரு குடைக்குப் போட்ட கணக்கைக்கூட என்னை விட்டுப் போவதற்குப் போடவில்லையே என்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

"போங்க, தாராளமாப் போங்க. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். நானா உங்கள வாங்கன்னு ஒரு நாளும் கூப்பிட மாட்டேன்."

"நீ கூப்பிடாம நான் எப்படி வர்றது?" சிரித்தார்.

"அது உங்க பாடு."

நான் வேலை செய்கிற ஃபேக்டரியில் என்னைப் பட்டாசு என்பார்கள். வெடித்ததைப் பொறுக்கி ஒட்டுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. சொன்னால் சொன்னதுதான். நடுவில் ஒரே ஒரு தடவை லீவில் வந்தார், அது தானாக வந்த லீவு. கறுத்து, இளைத்து வந்து, தூங்கி எழுந்து கிளம்பிவிட்டார். அப்போதும் நான் எதையும் கேட்கவில்லை.

அவர் போன பிறகு பக்கத்து வீட்டில் புதிதாக ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். மத்தியானத்துக்கு மேல் அதன் நிழல் ஓனருடைய பேனலின் ஒரு மூலையில் விழ ஆரம்பித்தது. ஒரு மூலைதானே என்று விட முடியாது. உள்ளே வெயிலைக் கரண்ட்டாக்குகிற செல்களெல்லாம் கைகோத்து நிற்பவை, ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் அந்த வரிசையே சோர்ந்துவிடும். அவர் இருந்திருந்தால் அன்றைக்கே ஏறிச் சட்டத்தை நகர்த்தி மாட்டியிருப்பார். வேறு ஆளை ஓனர் விடமாட்டார். தினமும் நான் வேலைக்குப் படியிறங்கும்போது கேட்பார்.

"உன் வீட்டுக்காரன் சொன்ன கணக்கு இன்னும் வரலையேம்மா."

"அவரே இன்னும் வரல ஓனரே" என்று சொல்லிவிட்டு நடப்பேன். சிரித்துக்கொண்டுதான் சொல்வேன். தெருமுனை திரும்புவதற்குள் சிரிப்பு போய்விடும்.

நான் வேலை செய்வது பேனல் தயாரிக்கிற இடத்தில். செல்லும் கண்ணாடியும் கப்பலேறி வரும். பெட்டி மேல் இருக்கிற எழுத்தை எங்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. அடுக்கி, ஒட்டி, வேகவைத்து, சட்டம் மாட்டுவது நாங்கள். கடைசியில் உள்நாட்டுத் தயாரிப்பு என்று ஸ்டிக்கர் ஒட்டுவோம். மாவு எங்கிருந்து வந்தால் என்ன, சுட்டது நாம்தானே என்பார் மேனேஜர். வெளிநாட்டுப் பேனல் இதைவிட மலிவு. அவர் போயிருப்பது மாதிரியான பெரிய கரண்ட் வயல்களுக்கு உள்நாட்டுப் பேனல்தான் போட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது, அதனால்தான் எங்களுக்குச் சோறு. வாங்குகிறவர்களுக்கு அந்த விதி தொண்டையில் முள். எங்கே ஒரு குறை கிடைக்கும், எப்போது லாரியோடு திருப்பி அனுப்பலாம் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான் நிற்பது அடுக்கு மேசையில். முதலில் கண்ணாடி வரும். அதன் மேல் பசை ஷீட். அதன் மேல் செல் வரிசைகளைக் குப்புற வைக்க வேண்டும். வரிசைகளை உலோகப் பட்டையால் இணைத்துப் பற்றவைத்து, மேலே இன்னொரு பசை ஷீட், அதற்கும் மேல் வெள்ளை ஷீட் விரித்தால் எங்கள் வேலை முடிந்தது. பிறகு அடுப்புக்குப் போகும். அடுப்பு என்று நாங்கள் சொல்வது ஒரு பெரிய இரும்புப் பெட்டியை. அது காற்றை உறிஞ்சிவிட்டுச் சூட்டில் அழுத்தும். வெளியே வரும்போது எல்லாம் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது. குப்புற வைப்பதால் நாங்கள் பார்ப்பதெல்லாம் பேனலின் முதுகைத்தான். அதன் முகத்தைப் பார்க்கிற வேலை வேறு ஆட்களுக்கு. வெயிலைப் பிடிக்கிற சாமானைச் செய்கிற அந்தக் கூடத்துக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது.

தூசி ஆகாது. வாசலில் ஒட்டுகிற மிதியடியில் செருப்பைத் தேய்த்து, காற்றடிக்கிற கூண்டுக்குள் நின்று, மேலங்கி, கையுறை, காது மூடுகிற தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள்: "ஒரு முடி, ஒரு பேனல்." ஒரு முடி உள்ளே விழுந்தால் ஒரு பேனல் வீண் என்று அர்த்தம். எனக்கு இருக்கிற முடிக்கு நான் ஒருத்தி நினைத்தால் இந்தக் கம்பெனியையே மூடிவிடலாம் என்று மேசைத் தோழிகள் கிண்டல் செய்வார்கள்.

அந்த வருஷம் முழுக்க எங்களுக்கு ஒரே ஆர்டர்தான். என் வீட்டுக்காரர் இருக்கிற அதே வெட்டவெளி. அங்கே அவருக்கு, வந்து இறங்குகிற பேனல்களைப் பிரித்து, வெயிலில் சாய்த்துக் குறை பார்த்துச் சொல்கிற வேலை கொடுத்திருந்தார்கள். ஆக, என் கையில் புறப்படுகிற சாமான் அவர் கையில் போய்ச் சேருகிறது. வெள்ளை ஷீட்டை விரித்து நீவிவிடும்போதெல்லாம், இதை அவர் தொடுவார் என்று நினைத்துக்கொள்வேன். கையுறை போட்ட கை, என் ரேகைகூட அதில் போகாது. ஆளுயரக் கண்ணாடி அசையாமல் லாரியில் உட்கார்ந்து அவரிடம் போகிறது, நான் பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிறேன். கண்ணாடியைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பெண்டாட்டி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஃபோனில் பேசக்கூடாதா என்பீர்கள். பேசுவோம். அங்கே சிக்னல் கிடைப்பது சாப்பாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு மண்மேட்டில் மட்டும், அதிலும் வரிசையில் நின்று பேச வேண்டும். இங்கே என்கூட இருக்கிற மாமியாருக்குக் காது மந்தம், மகன் குரல் கேட்க வேண்டுமென்றால் ஸ்பீக்கரில் அலற விட வேண்டும். அந்தப் பக்கம் பத்துப் பேர், இந்தப் பக்கம் தெருவே. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வெயிலா, வெயில்தான். இதற்கு மேல் என்ன பேச? தனியாக மெசேஜ் அனுப்பலாம்தான். கையில் எடுப்பேன். என்ன எழுதினாலும் கடைசியில் "வாங்க" என்றுதான் வந்து நிற்கும். அழித்துவிட்டு வைத்துவிடுவேன்.

இரண்டு வருஷம் முடியப் போகிற நேரத்தில் ஒரு சாயந்திரம் கூப்பிட்டார். பேச்சில் ஒரு தயக்கம் இருந்தது.

"இங்க ரெண்டாவது பகுதி ஆரம்பிக்கிறாங்க. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. அடுத்த மாசக் கடைசிக்குள்ள சொல்லணும்."

"என்ன சொல்றான்?" என்றார் மாமியார்.

"கட்டுப்படியாகுமா?" என்றேன் ஃபோனில்.

"அதான் தெரியல. கணக்கே போட வர மாட்டேங்குது. நீ என்ன சொல்றே?"

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் இருந்தது. நெஞ்சிலிருந்து கிளம்பி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நான் சொன்னது வேறு.

"உங்க இஷ்டம்."

"சரி" என்றார். பின்னால் நின்றவன் அவசரப்படுத்தினான் போல, வைத்துவிட்டார். மாமியார் மறுபடியும் கேட்டார், என்ன சொன்னான் என்று. வெயில் அதிகமாம் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய், எரியாத அடுப்பின் முன்னால் நின்று அழுதேன். இன்னும் இரண்டு வருஷம் என்றால் என்னால் முடியாது. கட்டிலில் அவர் பக்கத்தில் மடித்த துணியைப் போட்டுவைத்துப் பழகிவிட்டேன், அந்தத் துணியோடு இன்னும் இரண்டு வருஷம் குடித்தனம் நடத்த முடியாது. அதே சமயம் வா என்று கேட்கவும் முடியாது. சொன்ன சொல் குறுக்கே நிற்கிறது.

மறுநாள் வேலையில் கை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வரிசைகளைப் பற்றவைத்து முடித்துவிட்டேன். எதிரே நிற்கிறவள் பட்டை வெட்டக் குனிந்திருந்தாள். முன்கூட்டித் திட்டம் போட்டேன் என்று சொன்னால் பொய். கை தானாகப் பிடரிக்குப் போனது, தொப்பியின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த ஒரு முடியைப் பிடுங்கியது. கையுறை விரலில் சுற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று. உருவினேன். சின்ன மோதிரம் மாதிரி அப்படியே நின்றது. செல் எதுவும் இல்லாத ஓரத்து மூலையில் அதை வைத்து, பசை ஷீட்டை விரித்து, வெள்ளை ஷீட்டை விரித்து, எப்போதும்போல நீவிவிட்டேன்.

அடுப்பின் மூடி இறங்கும்போதுதான் செய்தது என்ன என்று உறைத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு இன்ஜினியர் பாடம் எடுத்தார். இந்த அடுப்புக்கும், செல்லுக்கு மணலை உருக்குகிற உலைக்கும் செலவாகிற கரண்ட்டை அந்தப் பேனலே வெயிலில் நின்று திருப்பிக் கொடுக்க ஒன்று ஒன்றரை வருஷம் ஆகுமாம். அது வரைக்கும் அது கொடுப்பதெல்லாம் பழைய பாக்கி. அதற்கப்புறம்தான் உலகத்துக்கு ஒரு பிரயோஜனம். இப்போது நான் உள்ளே அனுப்பியதற்கு எத்தனை வருஷம் பாக்கி கட்ட வேண்டுமோ என்று நினைத்தேன். மூடி திறந்தது. கன்வேயர் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அந்தப் பக்கம் இருப்பது என் நாத்தனார். என் வீட்டுக்காரருடைய அக்கா. கடைசிப் பரிசோதனை அவர் கையில்தான். ட்யூப்லைட் வரிசைக்குக் கீழே பேனலைச் சாய்த்து வைத்து முகத்தைப் பார்ப்பார். கடுகளவு தூசியைக் கையைக் கட்டிக்கொண்டு நின்றே கண்டுபிடிப்பார். பூதக்கண்ணாடி என்று பெயர். சொந்தம், பந்தம், பாவம் பார்ப்பது என்பதெல்லாம் அவரிடம் நடக்காது. என் மேசைப் பேனல்களை அவர் கழித்துத் தள்ளியதில்தான் நாங்கள் நெருக்கமானோம் என்றுகூடச் சொல்லலாம்.

டீ நேரத்தில் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"உங்க மேசைல இருந்து ஒண்ணு வந்திருக்கு."

"என்ன அண்ணி?"

"முடி."

"தொப்பி போட்டுட்டுத்தானே அண்ணி நிக்கிறோம்…"

"தானா விழுந்தது கோணல்மாணலா கெடக்கும். இது உக்காந்திருக்கு." டீயை ஊதினார். என்னைப் பார்க்கவில்லை. "சின்னப்ப கணக்குப் பாடம் படிக்கறப்ப அவன் என் முடியத்தான் பிடிச்சு சுத்துவான். வலிக்கும். மண்டைல ஒண்ணு வைப்பேன். அப்பயும் விடமாட்டான்."

நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணி…"

"டீ ஆறுது. குடிச்சுட்டுப் போய் வேலையப் பாரு."

அவ்வளவுதான். கழித்தாரா, விட்டாரா என்று தெரியவில்லை. கழித்த பேனல்களை அன்றன்றைக்கே வண்டியில் ஏற்றிப் பின்பக்கக் கொட்டகையில் போட்டுவிடுவார்கள், எங்களுக்கு அங்கே போக அனுமதி இல்லை. அவர் வாயைக் கிளறவும் பயம். கிளறினால் நானே என் வாயால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வேலை போனால் போகிறது என்று ஒரு மனசு சொல்லும். லாரி போய்ச் சேர்ந்திருக்குமா என்று இன்னொரு மனசு கேட்கும். அவர் ஃபோன் செய்யும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். சாப்பிட்டியா. வெயில். கையெழுத்துப் போட்டுவிட்டாரா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நாள் போய்க்கொண்டே இருந்தது. எங்கேயோ ஒரு வெட்டவெளியில், மண்ணைப் பார்த்த மாதிரியோ வானத்தைப் பார்த்த மாதிரியோ, என் முடி ஒன்று யார் கண்ணிலும் படாமல் காலம் முழுக்கக் காயப்போகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் கெடு சொன்ன மாசம் முடியப் போகிற ஒரு காலையில் மேனேஜர் கூடத்துக் கதவைத் திறந்து கத்தினார்.

"அடுக்கு மேசைக்காரங்க எல்லாரும் பரிசோதனை ரூமுக்கு வாங்க. உடனே."

போனோம். தொப்பியும் மேலங்கியுமாக வரிசையாக நின்றோம். நாத்தனார் ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேசை மேல் ஃபோன், ஸ்பீக்கர் போட்டிருந்தது. சைட்டிலிருந்து குறை சொல்கிற அழைப்பு வாராவாரம் வரும், மேனேஜர் கேட்டுக்கொள்வார். எங்களை அதற்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"சொல்லுங்க. இன்னொரு தடவை சொல்லுங்க, இவங்களும் கேக்கட்டும்" என்றார் மேனேஜர்.

"ரெண்டுல சட்டம் கீறியிருக்கு சார். ஒண்ணுல ஸ்டிக்கர் கோணல்." அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரர். சைட்டு இன்ஜினியர்தான் எப்போதும் பேசுவார், இன்றைக்கு இவரைப் பேச விட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினார். "இன்னொண்ணுல முடி."

"எவ்ளோ பெருசு?"

"சுருட்டை முடி சார். மூணு சுத்து."

பக்கத்தில் நின்றவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் நேராகப் பார்த்தேன்.

அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு குரல் குறுக்கே வந்தது, இன்ஜினியர். "இதான் சார் உங்க உள்நாட்டுச் சரக்கு. முடி, நகம் எல்லாம் வச்சு அனுப்பறீங்க. அந்த லாரி மொத்தத்தையும் திருப்பி விட்டுடறேன்."

மேனேஜர் முகம் செத்துவிட்டது. லாரி மொத்தம் திரும்பினால் மேசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் வேலை ஆடும். என் ஒரு முடி இப்படி எல்லார் கழுத்திலும் விழும் என்று நான் நினைக்கவில்லை. வாயைத் திறக்கப் போனேன், அதற்குள் என் வீட்டுக்காரரே பேசினார்.

"சார், ஒரு நிமிஷம். கரண்ட்டுல குறை இல்ல. நானே வெயில்ல வச்சு அளந்தேன். மத்த எதுலயும் குறை இல்ல, மொத்தத்தையும் பிரிச்சுப் பாத்துட்டேன். இது ஒண்ணுதான். வேணும்னா இந்த ஒண்ண மட்டும் கழிச்சுக்கலாம்."

இன்ஜினியர் ஏதோ முணுமுணுத்தார். மறுக்கவில்லை.

"அப்ப அத அங்கயே உடைச்சுப் போட்டுடுங்க. வேற அனுப்பறேன்" என்றார் மேனேஜர், மூச்சு வந்தவராக.

"உடைக்க மனசு வரல சார்."

"அப்ப திருப்பி அனுப்புங்க."

"ஒத்தப் பேனலுக்கு லாரி கட்டுப்படியாகாது சார்."

"சரிய்யா, அப்ப அங்கயே ஒரு ஓரமா இருக்கட்டும்."

ஸ்பீக்கரில் காற்று அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த மரமில்லாத இடத்தின் காற்று. அவர் ஒன்றுமில்லாத விரலில் எதையோ சுற்றிக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"இங்க இருக்கறதும் கட்டுப்படியாகாது சார்" என்றார். "கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். ஆகாது."

"என்னய்யா சொல்றீங்க? அதுவும் ஆகாது, இதுவும் ஆகாதுன்னா?"

"எனக்கு இந்த மாசக் கடைசியோட முடியுது சார். மேல இருக்கச் சொல்லிக் கேட்டிருக்காங்க, இன்னும் கையெழுத்துப் போடல. நான் வந்தா கையோட எடுத்துட்டு வந்துடறேன். இல்லேன்னா அதுவும் என்கூட இங்கயே இருக்கட்டும். அத வச்சவங்க அங்கதான் இருப்பாங்க. திரும்ப வேணுமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

மேனேஜர் ஃபோனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் "வச்சவங்க" என்ற வார்த்தை மட்டும் நன்றாகக் காதில் விழுந்திருந்தது.

"வச்சாங்களா? யாரு? யாரோட முடி அது?"

பேசாமல் இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. எல்லார் தலையிலும் தொப்பி. நாத்தனார் காட்டிக்கொடுக்க மாட்டார். நான் வாயைத் திறக்காவிட்டால் அந்தப் பக்கம் ஒரு மனிதர் "சரி" என்று சொல்லிவிட்டு, பேனா எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார். இன்னும் இரண்டு வருஷம்.

தொப்பியைக் கழற்றினேன். கொண்டை ஊசி இரண்டும் அதோடு வந்துவிட்டன, முடி மொத்தமும் தோளில் கொட்டியது. தூசி ஆகாத அந்த அறையில் யாரோ ஒருத்தி "ஐயையோ" என்றாள். நான் ஃபோன் பக்கத்தில் போய் நின்றேன்.

"எடுத்துட்டு வாங்க" என்றேன்.

காற்றுச் சத்தம் நின்றது. ஃபோனைக் கையால் பொத்தியிருப்பார்.

"கேக்கலயா? எடுத்துட்டு வாங்கன்னு சொன்னேன்."

"கேட்டுச்சு" என்றார். ஒப்பிக்கிற குரல் போய்விட்டிருந்தது. "எடுத்துட்டு வரேன்."

மேனேஜர் அதற்கப்புறம் குதித்த குதியை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. அன்றைக்கே என்னை அடுக்கு மேசையிலிருந்து எடுத்து அட்டைப்பெட்டி கட்டுகிற இடத்தில் போட்டார். லாரி தப்பியதால் வேலை தப்பியது. இவ்வளவு பெரிய முடி எப்படித் தப்பியது என்று நாத்தனாரைப் பிடித்தார். "என் கண்ணுக்குத் தெரியல சார்" என்றார் பூதக்கண்ணாடி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

வெளியே வரும்போது என் பக்கத்தில் நடந்துகொண்டே சொன்னார். "கடைசில நீதான் கூப்பிட வேண்டியதாப் போச்சு."

"யாரு கூப்பிட்டா? பேனல எடுத்துட்டு வாங்கன்னு சொன்னேன். அவரை வாங்கன்னு நான் எங்க சொன்னேன்?"

"அடி பாவி" என்றார். நடுத்தெருவில் நின்று சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சொன்ன சொல் சொன்ன சொல்தான். அதில் நான் மாறவில்லை. ஆனால் அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போனபோது ஓனர் வாசலில் நின்றுகொண்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"போட்டது எப்பத்தாம்மா கைக்கு வரும்?"

"மாசக் கடைசில ஓனரே" என்றேன். படியேறிப் போய், கட்டிலில் அவர் பக்கத்தில் கிடந்த துணியை எடுத்து அலமாரியில் வைத்தேன்.